இராக்கொக்கின் கண்

கோடைகால நேரம் முடிந்து, கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்த ஏப்ரல் ஞாயிறு அது. குசினி அடுப்பில் இருந்த கடிகாரத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. சிறிதரன் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது, மேசையில் இடியப்பத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பந்து இருந்தது. உருண்டு விழாதபடி அதன் அடியில் துவாயொன்றை வளையமாகச் சுற்றி வைத்திருந்தார்கள்.

"உங்களுக்குத்தான் அத்தான்" என்றான் கீர்த்தனன்.

அவன் சிறிதரனின் மனைவி மயூராவுக்குக் கடைசித் தம்பி. போன வருடம் படகில் வந்தவன். கிறிஸ்மஸ் தீவிலும் பிறகு டார்வினிலும் தடுப்பில் இருந்துவிட்டு, பெப்ரவரியில் தற்காலிக விசாவோடு வெளியே விடப்பட்டான். மெல்பேர்னின் நோபல் பார்க்கில் அக்கா வீட்டின் பின்னறை அவனுடையது. வேலை செய்யக்கூடாது என்பது விசாவின் நிபந்தனை. பொலிசில் பேர் விழுந்தால் விசா போகும். விசா போனால் கொழும்புக்கு விமானம். அவனுக்கு மூத்தவனை 2009இல் வவுனியா முகாமில் வைத்து, விசாரிக்கவென்று கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

சிறிதரன் கதிரையை இழுத்தார். உட்காரவில்லை. குனிந்து பார்த்தார்.

ஸ்பிரிங்வேல் பக்கமாக, பாரமான பந்தை உருட்டிக் கட்டைகளை விழுத்தி விளையாடும் ஒரு போலிங் சென்டரில், சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கும் மேசைக்கு அருகே, அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. வாங்குபவரின் கையை அளந்து பந்துக்கு விரல் ஓட்டை போடுவது தொழில். அடுத்த கைக்கு மாறும்போது பழைய ஓட்டையை அடைத்து மினுக்கிக் கொடுப்பதும் அதில் சேரும். பழைய பந்துகளைச் சேர்ப்பவர்கள் அவரிடம் வருவார்கள். எது எந்த வார்ப்பு என்று சொல்வதற்கு மெல்பேர்னில் அவரைவிட்டால் ஆள் குறைவு.

மேசையில் இருந்தது 'நைட் ஹெரான்'. வீட்டில் அவர் அதை இராக்கொக்கு என்பார். எண்பதுகளில் அமெரிக்காவில் செய்தது. கொம்பனி மூடிய பிறகு யாரும் செய்யவில்லை. மூடுவதற்குள் மூன்று தரம் வார்த்திருந்தார்கள். மூன்றிலும் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு கொக்கு செதுக்கப்பட்டிருக்கும். முதல் வார்ப்பில் கொக்கின் கண் வெறும் குழி. இரண்டாம் வார்ப்பில் அந்தக் குழிக்குள் வெள்ளை நிறம் நிரப்பியிருக்கும். மூன்றாம் வார்ப்பில் கொக்கு மறுபக்கம் திரும்பிவிடும். வெளியே தெரிவது இவ்வளவுதான். வெள்ளையைச் சுரண்டிப்போட்டு இரண்டாவதை முதலாவதாக விற்றவர்கள் உண்டு. ஆகவே கண்ணை நம்பக்கூடாது. டோர்ச் அடித்து விரல் ஓட்டைக்குள் பார்க்க வேண்டும். மேலோட்டுக்குக் கீழே உள்ள அடுக்கு முதல் வார்ப்பில் மண்ணிறம். மற்ற இரண்டிலும் சாம்பல்.

இதையெல்லாம் அவர் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு பலமுறை விளக்கியிருக்கிறார். மயூரா காது கொடுப்பதில்லை. கீர்த்தனன் கேட்பான். கேட்பதைத் தவிர அந்த வீட்டில் அவனால் திருப்பிக் கொடுக்க முடிந்தது எதுவும் இல்லை.

சிறிதரன் லாச்சியைத் திறந்து டோர்ச்சை எடுத்தார். பெருவிரல் ஓட்டைக்குள் அடித்தார்.

மண்ணிறம்.

ஓட்டை வட்டமாக இல்லை. ஒரு பக்கம் அகட்டப்பட்டிருந்தது. அகட்டியது அவரேதான். மூட்டு வீங்க வீங்க வருடத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டுவந்து நீட்டியவர் லெஸ்.

"இது லெஸ்ஸின்ர."

"ஓம் அத்தான்."

"லெஸ்ஸின்ர பந்து என்ர குசினிக்க என்ன செய்யுது?"

"அவர்தான் எடுத்துத் தந்தவர்."

"கையால எடுத்துத் தந்தவரோ?"

"ஓம். ஷெல்ஃபில இருந்து எடுத்து என்ர கையில தந்தவர்."

லெஸ் ரோவிலில் தனியாக இருந்தவர். ஓய்வுபெற்ற தச்சர். அவருடைய கராஜில் மூன்று இராக்கொக்கும் மூன்று மர வளையங்களின் மேல் வரிசையாக இருக்கும். மூன்றுக்கும் ஓட்டை போட்டிருந்தார். ஓட்டை போடாத பந்தை வைத்திருப்பவன் கல்லு வியாபாரி என்பார். மார்ச்சில் ஒருநாள் சிறிதரன் அங்கே போனபோது கீர்த்தனனும் காரில் இருந்தான். அன்றைக்கு லெஸ் அவனுடைய தோளைத் தட்டி, புல்லு வெட்டத் தெரியுமா என்று கேட்டார். சிறிதரன் அதைப் பகிடியென்று நினைத்தார்.

"நீ அங்க போய் வேலை செய்யிறியோ?"

கீர்த்தனன் பந்தின் அடியில் இருந்த துவாயைச் சரிசெய்தான். மயூரா சம்பலைக் கொண்டுவந்து மேசையில் இடித்து வைத்தாள்.

"சனிக்கிழமையில போறவன். நான்தான் பஸ் காட்டிவிட்டனான்."

"விசர் கதை கதைக்காதை. பிடிச்சா அனுப்பிப் போடுவாங்கள்."

"ஆர் பிடிக்கிறது? புல்லோ?"

"மயூரா."

"இருக்கிற சோத்தைக் கூனிக்குறுகித் தின்னுறான். உங்களுக்குத் தெரியாது. நான் பாக்கிறனான். கிழவருக்குப் புல்லு வெட்டினா என்ன, கையா தேஞ்சு போகுது?"

சிறிதரன் கூடத்துக்குப் போய் லெஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. லெஸ் கைத்தொலைபேசி வைத்திருக்காதவர். வீட்டுத் தொலைபேசியையும் மனம் வந்தால்தான் எடுப்பார்.

அந்த ஆள் இதை ஏன் கொடுத்தார் என்று யோசித்தபடி சாப்பிட்டார். தனிமை. வயது. ஒரு சின்னப்பிள்ளைத்தனமான சந்தோசம். மனம் மாறித் திருப்பிக் கேட்பார், கேட்டவுடன் கொண்டுபோய்க் கொடுக்கலாம், அதுவரை இருக்கட்டும் என்று முடிவு செய்தார். பின்னேரம் பந்தை வளவுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தார். முதல் வார்ப்பு வெயிலில் கறுப்பாக இருக்காது. கத்தரிக்காய் நிறம் அடியிலிருந்து கிளம்பும். தன் பெருவிரலை விட்டுப் பார்த்தார். லூசாக இருந்தது. மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்து, இருட்டும்வரை அங்கேயே நின்றார்.

திங்கட்கிழமை காலை இன்னொரு தரம் லெஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தார். மணி அடித்து ஓய்ந்தது. கடையில் வேலை இருந்தது.

செவ்வாய் மத்தியானம் அலியார் கடை வாசலில் வந்து நின்றார். அலியார் அங்கே கட்டைகளை நிமிர்த்தும் லேன் இயந்திரங்களைத் திருத்துபவர். காத்தான்குடிக்காரர். கை முழுக்க கிறீஸ். சிறிதரனைக் கண்டால் ஏதாவது சொல்லிச் சீண்டாமல் போகமாட்டார். அன்றைக்குச் சீண்டவில்லை.

"என்ன அலியார், சத்தமில்லாம நிக்கிறாய்? பொஞ்சாதி அடிச்சவவோ?"

"மச்சான், உன்ட லெஸ் மவுத்தாகிட்டாரு."

சிறிதரன் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தார்.

"எந்த லெஸ்?"

"எத்தினை லெஸ் இரிக்கி? ரோவில் லெஸ். கராஜுக்குள்ள ஏணியால விழுந்து கிடந்திருக்காரு. பக்கத்து வீட்டு மனிசி நேத்துப் பின்னேரம்தான் கண்டிருக்கா."

"நேற்று விழுந்தவரோ?"

"இல்ல மச்சான். சனிக்கிழமையாம். விழுந்த உடனே மவுத்தாகல்லயாம். திங்கட்கிழமை காலை வரைக்கும் உசிர் இருந்திருக்காம், டொக்டர் செல்லிரிக்காரு." அலியார் கையைத் துணியில் துடைத்தார். "பாரு, எவ்வளவு பெரிய ஊரு. ஒரு மனிசன் அப்பிடிக் கிடந்திருக்கான்."

அலியார் போனபின் சிறிதரன் கடைக் கதவைச் சாத்தினார். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். கீர்த்தனன் எடுத்தான்.

"லெஸ் செத்திட்டார்."

மறுமுனையில் தண்ணீர்ப் பைப்பின் சத்தம் கேட்டது. அது நின்றது.

"சனிக்கிழமை நீ வரேக்க ஆள் எப்பிடி இருந்தவர்?"

"நல்லா இருந்தவர் அத்தான்."

"நல்லா எண்டா?"

"நல்லா இருந்தவர்."

சிறிதரன் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கண்ணாடிக்கு அப்பால் யாரோ எல்லாக் கட்டைகளையும் ஒரே அடியில் விழுத்திவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை லெஸ்ஸின் மகள் கேத்தி அழைத்தாள். சிட்னியிலிருந்து வந்திருந்தாள். கராஜ் சுவரில் சிறிதரனின் கடை அட்டை குத்தியிருந்ததாம். அப்பாவின் பந்துகளைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வேண்டும், பொலிஸ்காரர் ஒருவரும் நிற்கிறார், வர முடியுமா என்று கேட்டாள். சிறிதரன் முடியும் என்றார். 

ரோவிலுக்குப் போகும் வெலிங்டன் வீதியில் காரை மெதுவாக ஓட்டினார்.

கராஜ் கதவு தூக்கியிருந்தது. தரையில் ஓரிடத்தில் கறையை உறிஞ்சவென்று, பூனைகளுக்கு வைக்கும் மண்ணைக் கொட்டிக் கூட்டியிருந்தார்கள். ஏணி சுவரோடு சாய்ந்திருந்தது. பொலிஸ்காரன் இளவயதுக்காரன், மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. கேத்திக்கு ஐம்பது இருக்கும். அப்பாவின் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். கைகள் சட்டைக்கைக்குள் மறைந்திருந்தன.

மேல் தட்டில் மர வளையங்கள் மூன்று. இரண்டில் பந்து இருந்தது. ஒன்று வெறுமையாக இருந்தது.

"நடந்ததைச் சொல்கிறேன்" என்றாள் கேத்தி. அவள் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினாள். "போன மாதம் அப்பா தொலைபேசியில் சொன்னார், இரண்டாவது வார்ப்பைச் சிட்னியில் இருக்கும் பழைய கூட்டாளிக்கு அனுப்பப் போவதாக. அனுப்பினாரா என்று எனக்குத் தெரியாது. அந்த மனிதரிடம் கேட்கவும் முடியாது. அவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், சொந்தப் பிள்ளைகளையே தெரியவில்லை. எனக்கு இந்தப் பந்துகள் எல்லாம் ஒன்றுதான். ஆனால் முதலாவதை அப்பா யாருக்கும் கொடுக்க மாட்டார். அது மட்டும் தெரியும்."

பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான்.

"இல்லாமல் போனது இரண்டாவது என்றால் ஒன்றுமில்லை. முதியவர் ஏணியிலிருந்து விழுந்தார், அவ்வளவுதான். முதலாவது இல்லையென்றால், யாரோ இங்கே நின்று எடுத்திருக்கிறார்கள். அவர் கிடந்ததைப் பார்த்துவிட்டே போயிருக்கிறார்கள். கொஞ்ச நாளாக ஒரு இளைஞன் இங்கே புல்லு வெட்டியதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருக்கிறார்கள். மண்ணிற ஆள், மெலிந்தவன். அவனைத் தேட வேண்டிவரும்." அவன் சிறிதரனைப் பார்த்தான். "உங்களுக்கு யாரென்று தெரியுமா?"

"தெரியாது."

"சரி. எது எதுவென்று சொல்லுங்கள்."

சிறிதரன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பந்துகளை ஒவ்வொன்றாக இறக்கி, தச்சு மேசையில் இருந்த பழைய கம்பளத்தில் வைத்தார். ஒன்றில் கொக்கு மறுபக்கம் பார்த்தது. மற்றதில் அதன் கண் வெள்ளையாக இருந்தது.

பொலிஸ்காரனின் தொலைபேசி அடித்தது. அவன் கார்ப்பாதைக்குப் போனான். கேத்தி, தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள். சிறிதரன் ஓம் என்று தலையாட்டினார். அவள் வீட்டுக்குள் போனாள்.

அவர் காற்சட்டைப் பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்தார்.

நிறம் பழசாகி இறுகியிருந்தது. திறப்பின் நுனியைக் குழியின் விளிம்பில் கொடுத்து நெம்பினார். வரவில்லை. இன்னும் அழுத்தினார். ஒரு சின்ன வெள்ளைத் துண்டு தெறித்தது. பிறகு மற்றது. அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றதை நகத்தால் சுரண்டினார். நகத்தின் ஓரம் கிழிந்தது. எச்சிலைத் தொட்டு, பெருவிரலால் குழியைச் சுற்றித் தேய்த்தார். இப்படிச் செய்பவர்களை அவர் கடைக்குள் விடுவதில்லை. ஒருமுறை ஒருவனை அலியாரைக் கூப்பிட்டு வெளியே அனுப்பியிருக்கிறார்.

காற்சட்டையில் விழுந்த துகள்களைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் சுவரில் தொலைபேசியைக் கண்டார். பழைய வகை, சுருள் வயர் தொங்கியது. அந்த வீட்டுத் தொலைபேசி இந்தக் கராஜிலும் அடிக்கும். ஞாயிறு அவர் எடுத்தபோது இங்கே அடித்திருக்கிறது. திங்கள் காலையிலும் அடித்திருக்கிறது. தரையிலிருந்து பார்த்தால் அது எவ்வளவு உயரத்தில் தெரிந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தார்.

பொலிஸ்காரன் திரும்பி வந்தான்.

"என்ன முடிவு?"

"இது மூன்றாவது. கொக்கு இந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, பாருங்கள். இது முதலாவது."

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"கண்ணைப் பாருங்கள். வெறும் குழி. இரண்டாவது என்றால் வெள்ளை நிரப்பியிருக்கும்."

பொலிஸ்காரன் குனிந்தான். இடுப்பிலிருந்த டோர்ச்சை எடுத்துக் கண்ணுக்கு அடித்தான். பிறகு வெளிச்சத்தை நகர்த்திப் பெருவிரல் ஓட்டைக்குள் விட்டான். சிறிதரன் தன் கைகளை மேசையின் அடியில் வைத்துக்கொண்டார்.

"உள்ளே சாம்பல் நிறமாக இருக்கிறது. அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?"

"இல்லை" என்றார் சிறிதரன். "எல்லாவற்றுக்கும் அப்படித்தான்."

பொலிஸ்காரன் டோர்ச்சை அணைத்தான்.

கேத்தி தேநீரோடு வந்தாள். அவன் அவளிடம் சொன்னான். அவள் கோப்பைகளை வைத்துவிட்டு, கண் சுரண்டிய பந்தை இரண்டு கைகளாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாரம் அவளைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்தது.

"அப்படியென்றால் அனுப்பிவிட்டார்" என்றாள். "சொன்னதைச் செய்துவிட்டார்."

"ஓம். அனுப்பியிருக்கிறார்."

"இதை எடுக்கத்தான் ஏறியிருப்பார். தனியே." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. "தொலைபேசி அங்கேயே இருக்கிறது. எட்ட முடியவில்லை அவருக்கு." பந்தைத் தடவியபடி, "இதைப் பெட்டிக்குள் வைக்கலாமா? வெள்ளிக்கிழமை அடக்கம். எரிக்கவில்லை, அம்மாவோடு புதைக்கிறோம். முதலாவது அவரோடு போகட்டும்" என்றாள்.

பொலிஸ்காரன் வெளியே போய்விட்டான். கேத்தி சிறிதரனின் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வைக்கலாம்" என்றார்.

"அப்பா உங்களைப் பற்றிச் சொல்லுவார். என் பெருவிரலை அந்த ஆளிடம் மட்டும்தான் நம்பிக் கொடுப்பேன் என்பார்." அவள் சிரிக்க முயன்றாள். "மற்றதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து. நான் வைத்து என்ன செய்ய?"

அவர் மீண்டும் கார்த் திறப்பை எடுத்தார். மூன்றாம் வார்ப்பைக் கம்பளத்தில் சுற்றி அவளே காரின் பின்பெட்டியில் வைத்தாள். அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு விலகினாள். சட்டையில் லெஸ்ஸின் புகையிலை வாசம் இருந்தது.

திருப்பங்களில் பந்து பெட்டிக்குள் உருண்டு இடித்தது. அவர் நிறுத்திச் சரிசெய்யவில்லை.

வீட்டில் மயூரா இல்லை. அவள் கிளேட்டனில் முதியோர் இல்லமொன்றில் பின்னேர வேலைக்குப் போயிருந்தாள். பின்வளவில் கீர்த்தனன் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் வேலைச் சட்டைகள், அத்தானின் சட்டைகள், கடைசியாகத் தன்னுடையது ஒன்று. சிறிதரன் படியில் நின்றார்.

"பொலிஸ் முடிச்சிட்டாங்கள். ஏணியால விழுந்ததெண்டு எழுதிப்போட்டாங்கள். உன்னை ஒருத்தரும் தேட மாட்டினம்."

கீர்த்தனன் தலையாட்டினான். கிளிப் ஒன்றை வாயில் கவ்வியிருந்தான்.

"நான் அங்க ஒரு பொய் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். அது வெள்ளிக்கிழமை அந்தாளோட மண்ணுக்குள்ள போகப்போகுது. இப்ப எனக்குச் சொல்லு. என்ன நடந்தது?"

அவன் கிளிப்பை எடுத்துச் சட்டையில் குத்தினான். கொடியைப் பிடித்தபடி பேசினான்.

"புல்லு வெட்டி முடிச்சு, தண்ணி குடிக்கக் கராஜுக்க போனனான். மேல இருந்ததைக் காட்டி 'ஃபெர்ஸ்ட்' எண்டனான். அவருக்குச் சரியான ஆச்சரியம். எப்பிடித் தெரியும் எண்டு கேட்டார். நான் என்ர கண்ணைத் தொட்டுக் காட்டி 'நோ வைட்' எண்டனான். நீங்கள் சொல்லித் தந்தது தானே. ஆள் கண்ணில தண்ணி வரச் சிரிச்சார். பிறகு ஏணியை எடுத்தார். நான் ஏறுறன் எண்டு கேட்டனான், விடேல்லை. எடுத்து என்ர கையில தந்தவர், அத்தான். அது பொய் இல்லை. தந்திட்டு இறங்கேக்க கால் வழுக்கிட்டுது."

"செத்திட்டார் எண்டு நினைச்சியோ?"

"இல்லை. முழிச்சுக்கொண்டுதான் இருந்தவர்."

"கதைச்சவரோ?"

"'வாட்டர்' எண்டவர். போத்தில் மூடியில விட்டுப் பருக்கினனான். வாயால வெளியில வந்திட்டுது. பிறகு சுவரில இருந்த போனைக் கண்ணால காட்டினார். எடுத்தனான். கையில வச்சுக்கொண்டு நிண்டனான். எடுத்தா முதல்ல பேரைக் கேப்பாங்கள். பிறகு, நீ அங்க என்ன செய்யிறாய் எண்டு கேப்பாங்கள். அவர் என்னையே பாத்துக்கொண்டிருக்கிறார். திருப்பி வச்சிட்டன்."

பக்கத்து வளவில் யாரோ குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். 

"பந்தை ஏன் கொண்டு வந்தனீ?"

"என்ர விரலடையாளம் முழுக்க அதில. தீவில பத்து விரலையும் எடுத்து வச்சிருக்கிறாங்கள். போனைத் துடைச்சன். பந்தைத் துடைக்கத் துடைக்க அது இன்னும் மினுங்குது, விரல் இன்னும் தெரியுது. அதுதான் தோள் பைக்குள்ள போட்டனான். பஸ்ஸில மடியில வச்சுக்கொண்டு வந்தனான்."

"வந்து எனக்குத் தந்தனீ."

"வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. நீங்கள் ஆசைப்பட்ட சாமான்."

சிறிதரன் படியில் உட்கார்ந்தார். கிழிந்த நகம் எரிந்தது. ஓரத்தில் ஒரு வெள்ளைத் துகள் இன்னும் ஒட்டியிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை ஆள் உயிரோட இருந்திருக்கிறார்" என்றார். "முழு ஞாயிறும் இருந்திருக்கிறார். நீ எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ஆளைக் காப்பாத்தியிருக்கலாம்."

கீர்த்தனன் வெறும் உடுப்புக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தான். படிக்கு முன்னால் வந்து நின்றான். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள விரும்புபவனைப் போலவே கேட்டான்.

"சொல்லியிருந்தா, நீங்கள் அம்புலன்சைக் கூப்பிட்டிருப்பியளோ அத்தான்?"